2 மைல் தகட்டுக்கு எந்தத் தோட்டா? .338 லபுவாவா, .375 செய்டாக்கா, .416 பாரெட்டா?

#1 தொலைகுறி (ஹூஸ்டன்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக 6.5 கிரீட்மோர் ரைஃபிளில் 1,000 யார்டு வரை எஃகுத் தகடுகளைச் சுட்டு வருகிறேன். 147 கிரெயின் (சுமார் 9.5 கிராம்) குண்டு. தோட்டாவை வீட்டில் நானே நிரப்புகிறேன். கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைஃபிளைக் கையில் கொடுத்த நாளில் பிடித்த ஆசை இது. அமெரிக்கா வந்த பிறகுதான் முறையாகப் பயில வாய்ப்புக் கிடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நியூ மெக்ஸிகோவில் ராட்டன் நகருக்கு அருகே விட்டிங்டன் மையத்தில் 'கிங் ஆஃப் 2 மைல்ஸ்' போட்டியைப் பார்வையாளனாக நின்று பார்த்தேன். துப்பாக்கி முழங்குகிறது, எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஆறு நொடி கழிந்த பிறகு தொலைநோக்கியில் தகட்டுக்குப் பக்கத்தில் தூசி எழுகிறது. அந்த ஆறு நொடி இன்னும் என்னை விடவில்லை.

ஒரே ஒரு ரைஃபிள் செய்துகொள்ளப் பணம் சேர்த்திருக்கிறேன். இன்னொன்றுக்குச் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும், அதனால் தவறாகத் தேர்ந்துவிடக் கூடாது என்ற பயம் இருக்கிறது. .338 லபுவா மேக்னம், .375 செய்டாக், .416 பாரெட் (எண் அங்குலத்தில் குண்டின் விட்டம்) ஆகிய மூன்றில் எது? குண்டு, கூடு (பித்தளை உறை), மருந்து, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) எல்லாவற்றிலும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

#2 செம்புக்குண்டு (ஒஹாயோ)

தம்பி, நேராக .375 செய்டாக்குக்குப் போங்கள். நடுவில் .338 என்று ஒரு படி வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுகளில் அதை விற்றுவிட்டு .375 வாங்குவீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். அந்தப் பணத்துக்கு நல்ல குழல்கள் மூன்று வாங்கியிருக்கலாம்.

.338 லபுவா 1980-களில் ராணுவத் தேவைக்காக உருவான தோட்டா. 300 கிரெயின் குண்டு வைத்தால் கடல்மட்டக் காற்றில் 1,500, 1,600 யார்டு வரை ஒலிவேகத்துக்கு மேல் பறக்கும். ஒரு மைல் என்பது 1,760 யார்டு, இரண்டு மைல் 3,520. உங்கள் இலக்கின் பாதித் தூரத்தை எட்டும் முன்பே குண்டு ஒலிவேக எல்லைக்குள் இறங்கித் தடுமாறத் தொடங்கிவிடும். .375 செய்டாக், .408 செய்டாக்கின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது, அதன் மூதாதை .505 கிப்ஸ் என்ற பழைய ஆப்பிரிக்க வேட்டைத் தோட்டா. 350 முதல் 400 கிரெயின் வரை எடையுள்ள, கடைந்தெடுத்த செம்புக் குண்டுகளை நொடிக்கு 900 மீட்டர் அளவில் அது செலுத்தும். 2017-ல் டெரெக் ராஜர்ஸ் நீங்கள் பார்த்த அதே போட்டியை வென்றது .375 செய்டாக்கில்தான்.

#3 மலைச்சாரல் (ஆல்பர்ட்டா)

செம்புக்குண்டு அண்ணா சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதிக்கு எதிர்வாதம் வைக்கிறேன்.

நான் கனடாவில் இருப்பதால் எனக்குத் தேர்வு குறைவு. குழல்வாயில் 10,000 ஜூலுக்கு மேல் ஆற்றல் தரும் துப்பாக்கிகளை 2020 மே மாதம் இங்கே தடை செய்துவிட்டார்கள். .50 பி.எம்.ஜி.யும் (இயந்திரத் துப்பாக்கிக்காக உருவான பெரிய தோட்டா) .416 பாரெட்டும் அதோடு போயின. .375-ல் 400 கிரெயின் குண்டை வேகமாகச் செலுத்தினால் அதுவும் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். ஆகவே .338-இலேயே ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் இதைக் குறையாகத்தான் நினைத்தேன், இப்போது நினைக்கவில்லை.

காரணம் எளிது. நான் ஓர் ஆண்டில் 700, 800 தோட்டா சுடுகிறேன். எங்கள் குழுவில் அமெரிக்காவிலிருந்து வரும் ஒருவர் .416 வைத்திருக்கிறார். அவர் ஆண்டுக்கு நூறு சுட்டால் அதிகம். ஒரு மைலில், காற்று மாறிக்கொண்டிருக்கும் நாளில், முதல் குண்டிலேயே தகட்டைத் தொடுவது யார் என்று எங்கள் மைதானத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

#4 ராட்டன்காற்று (கொலராடோ)

தொலைகுறி தம்பிக்கு வணக்கம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்த மைதானத்துக்குப் பல முறை போட்டியிடவும், அதைவிட அதிகமான முறை மற்றவர்களுக்கு ஸ்பாட்டராக (குண்டு விழும் இடத்தைத் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்பவராக) உட்காரவும் போயிருக்கிறேன். தோட்டாவின் பெயரை முடிவு செய்யும் முன் ஒரு காகிதத்தை எடுத்து என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். இதைப் போடாமல் துப்பாக்கி வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

400 கிரெயின் .375 குண்டு நொடிக்கு 900 மீட்டரில் கிளம்புகிறது. 2 மைல் என்பது 3,219 மீட்டர். காற்றே இல்லாத வெற்றிடமாக இருந்தால் 3.6 நொடியில் போய்ச் சேரும். ராட்டன் காற்றில் ஏறக்குறைய 6.3 நொடி ஆகிறது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள 2.7 நொடியைத் தாமதம் என்போம். பக்கக் காற்றின் வேகத்தை இந்தத் தாமதத்தால் பெருக்கினால் குண்டு எவ்வளவு விலகும் என்று கிடைக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் காற்று, கன்னத்தில் பட்டும் படாததுமான காற்று, குண்டை 2.7 மீட்டர் தள்ளிவிடும்.

தகடு எவ்வளவு? நாங்கள் பயிற்சிக்கு வைப்பது 36 அங்குலம். நடுவிலிருந்து விளிம்புக்கு 46 சென்டிமீட்டர். அப்படியானால் காற்றை நொடிக்கு 0.17 மீட்டர் துல்லியத்தில் நீங்கள் கணிக்க வேண்டும். உங்கள் கையிலுள்ள காற்றுமானி நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும்தான் அளக்கும். பாதை முழுக்க, பள்ளத்துக்கு மேலே, மேட்டின் பின்னால், குண்டு ஏறி இறங்கும் உயரத்தில் வீசும் காற்றை அது அறியாது.

இப்போது உயரக் கணக்கு. அந்தக் குண்டு 2 மைலில் குழலின் நேர்கோட்டிலிருந்து சுமார் 145 மீட்டர் கீழே இறங்கும். வேகம் நொடிக்கு 3 மீட்டர் குறைந்தால், அதாவது ஒரு விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறைந்தால், விழும் இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே போகும். தகட்டின் மொத்த உயரமே அதைவிடக் குறைவு. காற்றைத் தெய்வமே வந்து உங்கள் காதில் சொன்னாலும், தோட்டாவுக்குத் தோட்டா வேகம் 3 மீட்டர் ஆடினால் தகட்டை நம்பிச் சுட முடியாது.

பூமியின் சுழற்சி ராட்டன் அட்சரேகையில் குண்டை வலப்பக்கம் சுமார் 90 சென்டிமீட்டர் தள்ளுகிறது. குண்டின் சொந்தச் சுழற்சியும் அதே பக்கம் இன்னும் கூடுதலாகத் தள்ளுகிறது. இந்த இரண்டையும் நான் பெரிதாக நினைப்பதில்லை, ஏனென்றால் அவை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கும், குண்டின் பாதையைக் கணக்கிடும் கணிப்பான் சரிசெய்துவிடும். மாறாததைக் கணக்கிடலாம். மாறுவதுதான் நம்மைக் கொல்கிறது. காற்று மாறும், அது நம் கையில் இல்லை. தோட்டாவின் வேகமும் மாறும். அது முழுக்க நம் கையில் இருக்கிறது.

ஆகவே 'எது அதிகத் தூரம் போகும்' என்ற கேள்வியை நான் கடைசியில்தான் கேட்பேன். 'எந்தத் தோட்டாவை நான் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி நிரப்ப முடியும், தவறியபோது ஏன் தவறியது என்று எதில் எனக்குத் தெரியும்' என்பதை முதலில் கேட்பேன்.

#5 தொலைகுறி

ஐயா, இந்தக் கணக்கை இதுவரை யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. என் 6.5-க்கும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். 2022-ல் வயோமிங்கில் ஒரு குழு 4.4 மைல் தூரத்தில் இலக்கைத் தொட்டதாகப் படித்தேன். அது .416 பாரெட். அவ்வளவு தூரம் போகுமென்றால் 2 மைலுக்கு .416-தானே பாதுகாப்பான தேர்வு?

#6 எண்கணக்கன் (சர்ரே, இங்கிலாந்து)

அந்தச் செய்தியில் எல்லோரும் தூரத்தைப் படிக்கிறார்கள். நான் இன்னோர் எண்ணைப் படிக்கச் சொல்கிறேன்: இலக்கைத் தொட்டது 69-ஆவது குண்டு. குண்டு பறந்த நேரம் 24 நொடிக்கு மேல். அது பெரிய சாதனைதான். காற்றையும் கருவியையும் மாதக்கணக்கில் ஆராய்ந்து செய்தார்கள், அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் 69-இல் ஒன்று என்பது அந்தத் தூரத்தில் அந்தத் தோட்டாவின் நம்பகத்தன்மையைப் பற்றி நமக்குச் சொல்வது மிகக் குறைவு. போட்டியில் உங்களுக்கு ஒரு தகட்டுக்குச் சில குண்டுகள்தான் கிடைக்கும், அதிலும் முதல் குண்டுக்கே மதிப்பு அதிகம்.

#7 ராட்டன்காற்று

எண்கணக்கன் சொன்னது சரி. .416 பற்றி இன்னும் சில வார்த்தைகள்.

.50 பி.எம்.ஜி. கூட்டின் 99 மில்லிமீட்டர் நீளத்தை 83-ஆகக் குறுக்கி, கழுத்தை .416-க்கு இறுக்கியதுதான் பாரெட். அருமையான தோட்டா. கலிபோர்னியாவில் 2005 முதல் .50 பி.எம்.ஜி. ரைஃபிள்களுக்குத் தடை இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு அது மாற்றாகவும் அமைந்தது. ஆனால் அதன் பிரைமர் .50-க்கான பெரிய பிரைமர். எல்லாக் கடைகளிலும் எப்போதும் இருக்காது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்து கணிசமாக அதிகம் போகும். நிரப்பும் அச்சுக் கருவியே பெரிதாக வேண்டும். எடை குறைந்த துப்பாக்கியில் வைத்தால், உதைப்பு அடங்கி ஸ்கோப்பில் பார்வை திரும்பும்போது குண்டின் தடம் காற்றில் கரைந்திருக்கும். தன் குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்க முடியாதவன் முழுக்க ஸ்பாட்டரை நம்பி வாழ வேண்டும். நல்ல குழுவில் இருப்பவருக்கு அது பொருட்டல்ல. தனியாகப் பயிற்சி செய்யப்போகும் உங்களுக்குப் பொருட்டுதான்.

#8 செம்புக்குண்டு

ஐயாவின் கணக்கை நான் மறுக்கவில்லை. என் வாதமும் அதிலிருந்தே வருகிறது. அந்த 2.7 நொடித் தாமதத்தைக் குறைக்க ஒரே வழி நல்ல குண்டுதான். ஆகவே தோட்டாவைத் தேர்ந்துவிட்டுக் குண்டைத் தேடாதீர்கள். குண்டை முதலில் தேர்ந்துவிட்டு, அதைச் செலுத்தும் தோட்டாவைத் தேடுங்கள்.

நான் வேலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவன், அதனால் இதில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈயக் கருவும் செம்பு உறையும் கொண்ட வழக்கமான குண்டுகள் 6.5-இலும் .338-இலும் மிகச் சிறந்தவை கிடைக்கின்றன. .375-க்கும் .416-க்கும் வரும்போது நல்ல வடிவில் கிடைப்பவை பெரும்பாலும் முழுச் செம்பு அல்லது பித்தளைக் கம்பியிலிருந்து கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் கடைந்தவை. ஒவ்வொன்றாகக் கடைவதால் உறைத் தடிப்பு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும் சிக்கல் இல்லை. விலை மட்டும் வலிக்கும்.

அதிலும் ஒரு விலை இருக்கிறது, அது பணம் இல்லை. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டை நிமிர்ந்து பறக்க வைக்க வேகமான சுழற்சி தேவை. பழைய .375 குழல்களின் உட்புறச் சுருள்வரிகள் 11 அங்குலத்துக்கும் மேல் ஒரு சுற்று என்று வெட்டப்பட்டவை; இன்றைய 400 கிரெயின் செம்புக் குண்டுக்கு அவை போதாது. 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அல்லது அதைவிட இறுக்கமாகக் கேளுங்கள். குண்டு எவ்வளவு நிமிர்ந்து பறக்கும் என்று காட்டும் நிலைத்தன்மை எண் 1.5 இருந்தால் போதும் என்று புத்தகங்கள் சொல்லும். ஒலிவேக எல்லையைக் கடந்து பறக்க வேண்டிய குண்டுக்கு நான் 2-க்குக் குறைந்து வைப்பதில்லை.

பாலிஸ்டிக் குணகம் (காற்றின் இழுவையைக் குண்டு எவ்வளவு வெல்லும் என்ற எண்) பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் 147 கிரெயின் குண்டுக்கே ஜி1 என்றால் 0.697, ஜி7 என்றால் 0.351. குண்டு ஒன்றுதான், ஒப்பிடும் மாதிரிதான் வேறு. ஜி1 மாதிரி தட்டையான அடியுள்ள மொண்ணைக் குண்டு. ஜி7 மாதிரி நீண்ட மூக்கும் படகுவால் அடியும் கொண்டது, நம் குண்டுகளை ஒத்தது. நெடுந்தூரத்துக்கு ஜி7 எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு மைலுக்கு அப்பால் போனால் ஒற்றை எண்ணே போதாது. டாப்ளர் ரேடாரில் அளந்த இழுவை வளைகோடு அந்தக் குண்டுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தக் குண்டை நான் வாங்க மாட்டேன்.

#9 மலைச்சாரல்

நிலைத்தன்மை எண்ணைப் பற்றி அண்ணா சொன்னதோடு என் கதையையும் சேர்க்கிறேன், வேறு யாரும் இதில் சிக்காமல் இருக்கட்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு .338-க்கு நீளமான செம்புக் குண்டு ஒன்றை வாங்கினேன். ஜூலை மாதம், உயரமான மேய்ச்சல் நிலம், 30 டிகிரி வெயில். குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மகிழ்ச்சியில் 300 குண்டு வாங்கி வைத்துவிட்டேன். ஜனவரியில் தாழ்வான இடத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் அதே துப்பாக்கி, அதே தோட்டா. 1,000 யார்டிலேயே குண்டுகள் சிதறின. காகிதத்தில் இரண்டு துளைகள் வட்டமாக இல்லாமல் சாவித்துளை போல நீண்டிருந்தன. குண்டு பக்கவாட்டில் சாய்ந்து பறந்திருக்கிறது.

குளிர்ந்த, தாழ்வான இடத்துக் காற்று அடர்ந்தது. நிலைத்தன்மை எண் காற்றின் அடர்த்திக்கு எதிராக மாறும். கோடையில் மலையில் 1.5-ஐத் தொட்டுக்கொண்டிருந்த எண் குளிர்காலத்தில் ஆபத்தான எல்லைக்கு இறங்கிவிட்டது. தம்பி ஹூஸ்டனில் இருக்கிறார், அது கடல்மட்டம். ராட்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே வென்றவர்களின் குழல் அளவை அப்படியே நகலெடுத்து ஹூஸ்டனில் சுடாதீர்கள்.

#10 தொலைகுறி

அக்கா, மிக்க நன்றி. இதை நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

வேகத்தின் சீர்மையைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்ததும் என் 6.5-இல் அளந்து பார்த்தேன். ஐந்து தோட்டாவில் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வேகம் சிதறும் அளவு) நொடிக்கு 2 மீட்டர் வந்தது. இது நல்ல எண்தானே?

#11 எண்கணக்கன்

நண்பரே, மனத்தைத் தளர்த்த இதைச் சொல்லவில்லை. ஐந்து தோட்டாவில் கிடைத்த 2 என்ற எண், உண்மையில் 1.2-ஆக இருக்கலாம், 5.7-ஆகவும் இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்லக்கூடியது அவ்வளவுதான். பத்துத் தோட்டா சுட்டு 2 வந்தால் 1.4 முதல் 3.7 வரை. முப்பதுக்குக் குறையாமல் சுட்டால்தான் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க நான் துணிவேன்.

இணையத்தில் ஐந்து தோட்டா சுட்டு, அடுத்த மருந்தளவுக்கு ஐந்து சுட்டு, "இதில் சமதளம் (மருந்து கூடினாலும் வேகம் மாறாத இடம்) கண்டேன்" என்று படம் போடுகிறார்கள். அவர்கள் கண்டது பெரும்பாலும் தற்செயல். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு: விலையுயர்ந்த குழலின் ஆயுளைத் தற்செயலைத் துரத்தியே தேய்த்துவிடுகிறார்கள். .375-க்கு நல்ல குழல் ஆயிரத்தைச் சுற்றிய தோட்டாக்களில் துல்லியம் இழக்கும். அதில் 300-ஐச் சோதனைக்கே கொட்டிவிட்டால் என்ன மிஞ்சும்?

ஒரு மருந்து, ஒரு பிரைமர், ஒரு கூடு. கையேட்டின் எல்லைக்குள் மிதமான அளவு. அதிலேயே நில்லுங்கள். 30 தோட்டாவை வெவ்வேறு நாட்களில் சேர்த்து அளந்து பாருங்கள்.

#12 செம்புக்குண்டு

கூட்டைப் பற்றி: .338-க்கு லபுவா நிறுவனமே செய்யும் கூடு உலகத் தரம். .375 செய்டாக்குக்குப் பென்சில்வேனியாவின் பீட்டர்சன் செய்கிறது, அதுவும் நம்பத்தக்கது. எதுவானாலும் ஒரே தொகுதி எண்ணில் நூறு வாங்குங்கள். ஒவ்வொரு சில முறைக்கும் கழுத்தை அனல்காட்டிப் பதப்படுத்துங்கள். கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம் மாறினால் வேகம் மாறும். ஒரு காலத்தில் நான் அதிக வேகத்துக்கு ஆசைப்பட்டு எல்லையைத் தாண்டினேன். ஒரு தொகுதிக் கூடுகளில் மூன்றாம் சுடுதலிலேயே பிரைமர் குழி தளர்ந்து, பிரைமர் கையோடு வந்துவிட்டது. அது கூட்டின் குற்றமில்லை, என் குற்றம்.

பிரைமருக்கு .338-உம் .375 செய்டாக்கும் பெரிய ரைஃபிள் மேக்னம் வகையைத்தான் பயன்படுத்துகின்றன. உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான கடையில் கிடைக்கும்.

மருந்தில் ஹாட்ஜ்டன் ரெட்டும்போவையும் எச்1000-ஐயும் பலர் தேர்வது வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் மாறாது என்பதற்காக. விட்டாவூரி என்570 அதிக வேகம் தரும், குழலைச் சீக்கிரம் தின்னும். அளவுகளை இங்கே எழுத மாட்டேன். மருந்து நிறுவனத்தின் கையேட்டைப் பார்த்து, குறைந்த அளவிலிருந்து ஏறுங்கள். எந்த மருந்தானாலும் வெயிலிலும் குளிரிலும் உங்கள் துப்பாக்கியில் அளந்து, 10 டிகிரிக்கு எவ்வளவு மாறுகிறது என்று கணிப்பானில் ஏற்றுங்கள். ஹூஸ்டன் ஆகஸ்டில் மேசைமேல் வெயிலில் கிடந்த தோட்டா உங்களை ஏமாற்றிவிடும்.

#13 மலைச்சாரல்

ஸ்கோப்பை யாரும் பேசவில்லையே. ஐயாவின் 145 மீட்டரைக் கோணமாக மாற்றினால் 45 மில் (1,000 மீட்டரில் 1 மீட்டர் என்பது ஒரு மில்). பெரும்பாலான நல்ல ஸ்கோப்புகளின் மொத்த நகர்வே 30, 35 மில்தான், அதிலும் பாதி கீழ்ப்பக்கம் வீணாகும். சாய்வான ரயில் வைத்தாலும் முழுதாக எட்டாது. ஸ்கோப்புக்கு முன்னால் பொருத்தும் பட்டகக் கருவியோ, திருகிச் சாய்க்கும் தாங்கியோ வேண்டும். அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். தோட்டாவுக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, இலக்கைக் கண்ணாடிக்குள் கொண்டுவர முடியாமல் நின்றவரை நான் பார்த்திருக்கிறேன்.

#14 ராட்டன்காற்று

மலைச்சாரல் சொன்னது போட்டி மைதானத்தில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் கதை.

தம்பி, இப்போது என் பரிந்துரையைச் சொல்கிறேன். துப்பாக்கியில் தேய்ந்துபோகும் பாகம் குழல். நிலைத்து நிற்கும் பாகம், குழலைப் பொருத்தும் மையப் பகுதியான ஆக்‌ஷன். கூட்டின் அடியைப் பிடிக்கும் போல்ட்டின் முகப்பு அளவுதான் உங்கள் எதிர்காலத்தைக் கட்டிப்போடும்: .338 லபுவாவுக்கு .588 அங்குலம், செய்டாக்குக்கு ஏறக்குறைய .64, .50-க்கும் .416-க்கும் .804. ஆகவே செய்டாக் அளவு ஆக்‌ஷனை வாங்குங்கள். இதில் செம்புக்குண்டோடு உடன்படுகிறேன். .338-இலிருந்து தொடங்கினால் ஆக்‌ஷனையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் முதல் குழலை 2 மைலுக்காகத் தேய்த்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். முதல் ஆண்டு முழுவதும் ஒரு மைலுக்குள்ளேயே சுடுங்கள். அங்கே தாமதம் 0.7 நொடிக்குப் பக்கத்தில்தான். காற்றை நொடிக்கு அரை மீட்டர் தவறாகக் கணித்தாலும் 36 அங்குலத் தகட்டுக்குள் விழும். தவறின் அளவு கண்ணுக்குத் தெரியும், அதிலிருந்து கற்கலாம். 2 மைலில் குண்டு இரண்டு மீட்டர் இடப்பக்கம் விழுந்தால் அது காற்றா, வேகமா, உங்கள் விசை இழுப்பா என்று எனக்கே பல நாட்களில் சொல்லத் தெரியாது.

இன்னொன்று, இது விட்டுக்கொடுக்க முடியாதது: தகட்டுக்குப் பின்னால் உயரமான மண்சரிவு இருக்க வேண்டும், அதற்கு அப்பாலும் ஆளும் மாடும் இல்லாத நிலம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் கிடைக்காதவரை எந்தப் பெரிய தோட்டாவும் வேண்டாம்.

#15 எண்கணக்கன்

ஒரு மைல் பயிற்சிக்கும் .375 குழலைத் தேய்க்காமல் பாதி வேலையை .22-இல் செய்யலாம். தொலைகுறி ஏற்கெனவே .22-இல் வளர்ந்தவர். 40 கிரெயின் குண்டு, நொடிக்கு 330 மீட்டர், 300 யார்டு. காற்று அதை விலக்கும் கோணம், ஒரு மைலில் .375 விலகும் கோணத்துக்கு மிக அருகில் வரும். வேகச் சீர்மை இல்லாத பெட்டி எது என்பதும் தகட்டில் உடனே தெரியும். இங்கே பிஸ்லி சுடுதளத்தில் 1,200 யார்டு சுடுபவர்கள் பலர் குளிர்காலத்தில் செய்வது இதுதான்.

#16 தொலைகுறி

இரண்டு வாரம் யோசித்து, எல்லோர் பதிலையும் அச்செடுத்து வைத்து, மனைவியிடமும் பேசி முடிவு செய்துவிட்டேன். செய்டாக் அளவு ஆக்‌ஷன். .375 குழல், 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ரேடார் வளைகோடு உள்ள ஒரு செம்புக் குண்டை மட்டும் தேர்ந்து, ஒரே தொகுதியில் 200 வாங்கச் சொல்லியிருக்கிறேன். ரெட்டும்போ ஒன்றே ஒன்று. ஸ்கோப்புத் தாங்கிக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. மேற்கு டெக்ஸஸில் ஒரு நண்பரின் உறவினர் பண்ணையில் குன்றுச் சரிவு இருக்கிறது; ஒரு மைல் வரை அளந்து பார்த்துவிட்டோம். .22-ஐ அலமாரியிலிருந்து வெளியே எடுத்தாகிவிட்டது.

கடைசியாக ஒரு கேள்வி. குழல் பொருத்தும் கைவினைஞர் "எந்த நீளத்துக்கு அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) வெட்டட்டும்?" என்று கேட்கிறார். என்ன சொல்ல?

#17 செம்புக்குண்டு

எண் எதையும் சொல்ல வேண்டாம். குண்டு வந்து சேரும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். வந்ததும் மருந்தும் பிரைமரும் இல்லாத வெறும் கூட்டில் அந்தக் குண்டைப் பொருத்துங்கள். குண்டின் நேரான உடலின் அடிமுனை கூட்டின் கழுத்துக்குள் இருக்கட்டும், தோட்டாவின் நீளம் உங்கள் மேகசினில் உட்காரும் அளவுக்கு இருக்கட்டும். அப்படி இரண்டு மாதிரித் தோட்டா செய்து, "வெற்று, மருந்தில்லை" என்று சீட்டு ஒட்டி அனுப்புங்கள். அவர் அதை வைத்து, அறைக்கு முன்னுள்ள தொண்டைப் பகுதியைக் கடைந்துகொள்வார். ஒன்றை அவர் வைத்துக்கொள்ளட்டும், இரண்டாவது குழலுக்கும் அதுவே அளவுகோல்.

#18 ராட்டன்காற்று

மாதிரித் தோட்டா அனுப்பும் நாளில் குண்டுகளில் இருபதை அளந்து, அடியிலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் முப்பது தோட்டாவின் வேகம் அளந்ததும் இங்கே போடுங்கள் தம்பி, எண்கணக்கனும் நானும் சேர்ந்து பார்க்கிறோம்.